‘அடங்காத பிள்ளை’ என்னும் தீர்ப்பு

ஏழு வயதுச் சிறுவன் ஒருவனால் வகுப்பில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. எழுதிக்கொண்டிருப்பதைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறான். பக்கத்தில் இருப்பவனின் பென்சிலைப் பிடுங்குகிறான். மணி அடித்தால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறுகிறான். மாநகரத்தின் கட்டணப் பள்ளி ஒன்றில் இது நிகழ்ந்தால் சில வாரங்களில் பெற்றோர் அழைக்கப்படுவார்கள்; உளவியல் ஆலோசகர் ஒரு படிவத்தை நிரப்புவார்; குழந்தை வளர்ச்சி மருத்துவர் ஒருவரின் முகவரி கையில் கொடுக்கப்படும். (அதன் பிறகு அப்பள்ளி அந்தக் குழந்தையை வைத்துக்கொள்ளுமா என்பது வேறு கதை.) அதே சிறுவன் ஊருக்கு வெளியே இருக்கும் குடியிருப்பிலிருந்து வந்து, ஒன்றியப் பள்ளியின் கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டவன் என்றால், அவனுக்கும் ஒரு பெயர் உடனே கிடைத்துவிடுகிறது. அப்பெயர் மருத்துவ நூலிலிருந்து வருவதில்லை, சாதியின் அகராதியிலிருந்து வருகிறது. “காலனிப் பசங்க அப்படித்தான்.”

ஆட்டிசம், கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு முதலியவற்றோடு பிறக்கும் குழந்தைகளை வளர்ப்பது எந்தச் சாதியைச் சேர்ந்த பெற்றோருக்கும் கடினமானதே. எனினும் அந்தக் கடினத்தின் அளவைத் தீர்மானிப்பது குழந்தையின் மூளை மட்டுமன்று. ‘இது ஒரு குறைபாடு, இதற்கு உதவி உண்டு’ என்று சொல்லப்படும் வாய்ப்பே இந்நாட்டில் நிலத்தைப் போல, கோயில் நுழைவைப் போல, சமமற்றுப் பங்கிடப்பட்டிருக்கிறது. ‘இரட்டை ஒடுக்குமுறை’ என்ற சொல்லை மேடையில் உச்சரித்துவிட்டுக் கடந்துபோகிறோம். அது ஒரு குழந்தையின் வாழ்வில் எந்தெந்த இடங்களில், எந்தெந்த மேசைகளின் முன் நிகழ்கிறது என்பதைப் பின்தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், இது எத்தனை குழந்தைகளின் சிக்கல்? இந்தியாவின் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆறு வயதுக்குட்பட்டோரில் 9.2 விழுக்காட்டினருக்கும், ஆறு முதல் ஒன்பது வயதினரில் 13.6 விழுக்காட்டினருக்கும் ஏதேனும் ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாகக் கணித்தது. அந்த ஆய்வு அடையாளம் கண்ட ஆபத்துக் காரணிகளைக் கவனிக்க வேண்டும்: மருத்துவமனைக்கு வெளியே நிகழும் பிரசவம், பிறக்கும்போது மூச்சுத்திணறல், எடைக்குறைவு, குறைமாதப் பிறப்பு, மூளைத் தொற்று, ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றுதல். இவற்றுள் பெரும்பாலானவை கருவுற்ற பெண்ணின் தட்டில் என்ன இருந்தது, பிரசவ நேரத்தில் எந்த மருத்துவமனை எத்தனை தொலைவில் இருந்தது என்ற கேள்விகளோடு கட்டுண்டவை. இக்குறைபாடுகள் எல்லாம் வறுமையின் விளைவு என்று இதற்குப் பொருளில்லை. ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு பெரிது. ஆனால் தடுத்திருக்கக்கூடிய பகுதி யாருடைய தெருவில் அதிகம் சேர்கிறது என்பது தெளிவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரிடையே அது 2.45 விழுக்காடு. அக்கணக்கெடுப்பில் இருந்த எட்டு வகைகளில் ஆட்டிசம் என்றொரு வகையே இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

குழந்தையின் நடத்தையைப் பார்ப்பவரின் கண்ணில் சமூகம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளின் அனுபவம் நல்ல சான்று. பிலடெல்பியாவில் அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் கீழ் இருந்த குழந்தைகளை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வில், ஆட்டிசம் கண்டறியப்பட்ட சராசரி வயது வெள்ளையினக் குழந்தைகளுக்கு 6.3, கறுப்பினக் குழந்தைகளுக்கு 7.9. இரு தரப்பினரும் ஏழைகள். இரு தரப்பினருக்கும் ஒரே காப்பீடு. ஆகவே ‘இது வறுமைதான், நிறமல்ல’ என்ற வழக்கமான பதில் அங்கே செல்லுபடியாகவில்லை. பின்னர் வந்த ஆய்வுகள், ஒரே வகை நடத்தைக்கு வெள்ளையினக் குழந்தை ‘கவனக் குறைபாடு’ என்றும், கறுப்பினக் குழந்தை ‘ஒழுக்கக் கோளாறு’ என்றும் பெயர் பெறும் போக்கைச் சுட்டின. ஒன்று மருத்துவ அறைக்கு வழி. மற்றொன்று காவல் நிலையத்துக்கு வழி.

இதற்கு நேரான ஆய்வு, அதாவது குறைபாட்டைக் கண்டறிவதில் சாதி எப்படிக் குறுக்கிடுகிறது என்பதற்கான விரிவான கணக்கு, நம் நாட்டுப் பொதுவெளியில் பேசப்படுவதே அரிது. பக்கத்துத் துறையிலிருந்து இரண்டு சோதனைகள் உண்டு. குழந்தைகளின் விடைத்தாள்களில் சாதிப் பெயரை மாற்றி மாற்றி ஒட்டி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தபோது, ஒடுக்கப்பட்ட சாதியின் பெயர் ஒட்டிய தாள்களுக்கு மதிப்பெண் குறைந்தது என ஹன்னா, லிண்டன் ஆகியோர் 2012இல் எழுதினர். சங்கடமான செய்தி என்னவென்றால், இப்படிக் குறைத்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஆசிரியர்களே முன்னின்றனர். சாதி தனிமனிதரின் கெட்ட எண்ணத்தில் மட்டும் குடியிருப்பதில்லை. மற்றொன்று, உத்தரப் பிரதேசத்துப் பள்ளிச் சிறுவர்களிடம் காகிதப் புதிர்வழிகளைக் கொடுத்து ஹாஃப், பாண்டே ஆகியோர் நடத்தியது. சாதியைச் சொல்லாதபோது எல்லாச் சிறுவர்களும் ஏறத்தாழச் சமமாகத் தீர்த்தார்கள். ஒவ்வொருவரின் பெயரையும் சாதியையும் உரக்க வாசித்த பிறகு தலித் சிறுவர்களின் திறன் சரிந்தது. அறிவுத்திறன் தேர்வுக்காக ஒரு குழந்தையை உட்கார வைக்கும் ஒவ்வொரு அறையிலும் இதை நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏனெனில் ஆபத்து இருமுனையும் கூர்மையானது. குறைபாடுள்ள குழந்தையைச் ‘சேட்டைக்காரன்’ என்பது ஒருமுனை. குறைபாடே இல்லாத, வாய்ப்பு மட்டும் மறுக்கப்பட்ட குழந்தையை ‘மந்தபுத்தி’ என்று ஒதுக்குவது மறுமுனை. கலிபோர்னியாவில் அறிவுத்திறன் தேர்வுகளின் பெயரால் கறுப்பினக் குழந்தைகள் சிறப்பு வகுப்புகளில் அளவுக்கு மீறிக் குவிக்கப்பட்டதை எதிர்த்துப் பெற்றோர் தொடுத்த ‘லாரி பி. எதிர் ரைல்ஸ்’ வழக்கில், அத்தகைய தேர்வுகளை அந்நோக்கத்துக்குப் பயன்படுத்த 1979இல் நீதிமன்றம் தடை விதித்தது. நமக்குத் தேவை கூடுதல் முத்திரைகள் அல்ல. நேர்மையான, குழந்தையின் மொழியையும் சூழலையும் அறிந்த மதிப்பீடு.

சரி, ஒரு தாய்க்கு ஐயம் எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை; பெயரைக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. காகிதத்தில் இருக்கும் பாதை குறை சொல்ல முடியாதது. 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத்திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கும் ஒருமுறை பள்ளிக்கும் வர வேண்டும். வளர்ச்சித் தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே மதிப்பீடும் பயிற்சியும் இலவசம். பின்னர் மருத்துவக் குழுவின் சான்று, அடையாள அட்டை, உதவித்தொகை.

இப்பாதையில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நாள் கூலி போகும். இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். பேச்சுப் பயிற்சிக்கும் செயல்முறைப் பயிற்சிக்குமாக வாரம் இரண்டு நாள் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குப் போனால், மாதத்தில் எட்டு நாள். இழப்பு 2,688 ரூபாய். அறிவுசார் குறைபாடு உடையோர் உள்ளிட்டோருக்குத் தமிழ்நாடு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை, 2023 சனவரி முதல் உயர்த்தப்பட்ட பிறகு, மாதம் 2,000 ரூபாய். அதாவது அரசின் இலவசப் பயிற்சியைப் பெறுவதற்கு அந்தக் குடும்பம், உதவித்தொகை போக, மாதம் 688 ரூபாயைத் தன் கையிலிருந்து அரசுக்குச் செலுத்துகிறது என்றே சொல்லலாம். நகரப் பேருந்தில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணமில்லை என்பது உண்மையான உதவிதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கிராமத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்குப் போகும் புறநகர்ப் பேருந்துக்குப் பெண்களுக்கான அந்தச் சலுகை பொருந்தாது. தனியார் மையங்களிலோ ஓர் அமர்வுக்கே பல நூறு ரூபாய்.

மூன்று மாதம் போனபின் அத்தாய் நின்றுவிடுகிறார். கோப்பில் ‘தொடர்ந்து வரவில்லை’ என்று எழுதப்படுகிறது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும், ‘அந்த மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்பதே பதில். விழிப்புணர்வு இல்லாமலா மூன்று மாதம் கூலியை விட்டுவிட்டு வந்தார்? தலித் மக்களின் பிள்ளைகள் பள்ளியிலிருந்து ‘இடைநின்றார்கள்’ என்று எழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. வினைச்சொல் எப்போதும் ஏழைகள் மீதே ஏற்றப்படுகிறது.

சான்றிதழிலும் சிக்கல் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருபத்தோரு வகைக் குறைபாடுகளை அட்டவணைப்படுத்தியது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தவை ஏழு மட்டுமே என்பதால் இது பெரிய முன்னேற்றம். ஆட்டிசம் சேர்ந்தது, கற்றல் குறைபாடு சேர்ந்தது. ஆனால் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு தனியொரு வகையாக அதில் இல்லை. முதல் பத்தியில் பார்த்த சிறுவனுக்கு அது மட்டுமே இருக்குமானால், அரசின் கணக்கில் அவன் மாற்றுத்திறனாளியே அல்லன். சட்டத்தின் அட்டவணைப்படி அவனுக்கு மிஞ்சுவது ‘சேட்டை’தான். வேறு குறைபாடு இருந்தாலும், பெரும்பாலான பயன்களுக்கு அது 40 விழுக்காட்டைத் தொட வேண்டும். நடத்தையை விழுக்காடாக்குவது எவ்வளவு வழுக்கலான வேலை என்பது, பிள்ளையோடு ஒருநாள் இருந்த எவருக்கும் தெரியும். மருத்துவக் குழுவின் முன் பத்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்ட குழந்தை, வெளியே வந்ததும் நடுச்சாலைக்கு ஓடும்.

வீட்டுக்குள் வருவோம். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள், அவர்களில் தலித்துகள் மிகுதி, கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டார்கள். பெரும்பாக்கத்தில் எட்டுத் தளக் கட்டடங்கள். ஓசையைத் தாங்க முடியாத ஆட்டிசக் குழந்தைக்கு ஒதுங்கி இருக்க ஓர் அமைதியான மூலை வேண்டும் என்கின்றன வளர்ப்பு வழிகாட்டி நூல்கள். ஒரே கூடத்தில் ஐந்து பேர் உறங்கும் வீட்டில் மூலை என்பது எங்கே? உயரத்தின் ஆபத்தை உணராத பிள்ளை ஆறாவது தளத்தின் தாழ்வாரத்தில் ஓடினால் தாய் என்ன செய்வார்? தூய்மைப் பணியிலும் வீட்டு வேலையிலும் இருக்கும் பெண்கள் விடியுமுன் கிளம்பியாக வேண்டும். கதவைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். சிலர் காலைக் கயிற்றால் கட்டிவிட்டுப் போகிறார்கள். படம் பிடித்து வெளியிடும் ஊடகங்கள் அதைக் கொடுமை என்கின்றன. கொடுமைதான். அக்கயிற்றின் மறுமுனை தாயின் கையில் மட்டும் இல்லை. பிள்ளையை நம்பி விட்டுச்செல்லப் பகல்நேர மையம் ஒன்றை அத்தெருவில் அமைக்காத நிர்வாகத்தின் கையிலும் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்ட 28 மனநோயாளிகள் தீயில் கருகியபோது இந்த நாடு அதிர்ந்தது. சங்கிலியிட்ட இல்லங்கள் மூடப்பட்டன. சங்கிலி தேவைப்பட்ட குடும்பங்களுக்கு மாற்று எதுவும் அதே வேகத்தில் திறக்கப்படவில்லை.

மறுகுடியமர்வு வேறொன்றையும் பறிக்கிறது. பழைய தெருவில், பேசாத பிள்ளையை எல்லோருக்கும் தெரியும். எங்கே ஓடினாலும் யாராவது ஓர் அத்தை கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார். பெரியம்மா வீட்டில் சோறு உண்டு, தாத்தாவின் கயிற்றுக் கட்டிலில் உறக்கம் உண்டு. ஏழைகளிடம் இருந்த ஒரே சிகிச்சை மையம் அந்த உறவுதான். அதைக் கலைத்து வெவ்வேறு தளங்களில் குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கும்போது, அந்த இழப்பு எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் பழி தாயின் மீதே. கருவுற்றபோது கிரகணத்தில் வெளியே வந்தாள்; எதையோ தின்றாள்; சொந்தத்தில் கட்டினாள்; முற்பிறவிப் பாவம். பிந்தியதைத் தலித் வாசகர்கள் நன்கு அறிவார்கள். பிறப்பால் தாழ்த்தப்பட்டதற்கு முற்பிறவி வினையைக் காரணம் காட்டிய அதே கோட்பாடுதான் குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்கும் காரணம் காட்டுகிறது. ஒன்றை மறுத்துவிட்டு மற்றொன்றை நம்புவது முரண். ஆயினும் நம் வீடுகளிலேயே அது நடக்கிறது. கோயில், தர்கா, செபக்கூட்டம் என மாறி மாறி அலையும் தாய்மாரை நான் பழிக்கவில்லை. மருத்துவர் ஐந்து நிமிடம்கூடப் பேசாத நாட்டில், பூசாரி ஒரு மணிநேரம் உட்கார்ந்து கேட்கிறார்.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 இறுதியில் பிரதமர் ‘விகலாங்’ என்ற இந்திச் சொல்லுக்குப் பதிலாக ‘திவ்யாங்’, அதாவது தெய்விக உறுப்புடையோர், என்ற பெயரை முன்மொழிந்தார். ஒன்றிய அரசின் துறைப் பெயரிலேயே அது ஏறியது. மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல அதை எதிர்த்தன. நமக்கு இது புதிதல்ல. ‘கடவுளின் மக்கள்’ என்று பொருள்படும் ‘ஹரிஜன்’ என்ற பெயரை நமக்குச் சூட்டியபோது அம்பேத்கரும் அவரைச் சார்ந்தோரும் ஏன் எதிர்த்தார்களோ, அதே காரணம் இங்கும் பொருந்தும். தெய்வத்துக்கு உணவு படைக்கலாம், சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. ‘சிறப்புக் குழந்தை’, ‘கடவுள் தேர்ந்தெடுத்த தாய்’ போன்ற இனிப்பான சொற்களும் இவ்வகையினவே. அந்தத் தாய்க்குத் தேவை மாதத்தில் நான்கு நாள் ஓய்வும் ஒரு மாற்று ஆளும். தெய்வத் தேர்வு அன்று.

பள்ளிக்கு வந்தால், சட்டம் நம் பக்கம் இருக்கிறது, பணம் இல்லை. 2016 சட்டத்தின் 31ஆம் பிரிவு, வரையறுத்த அளவு குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு அருகமைப் பள்ளியிலோ, விருப்பப்பட்டால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. உச்ச நீதிமன்றம் 2021இல் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, தொடக்க நிலையில் பத்துக் குழந்தைகளுக்கும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பதினைந்து குழந்தைகளுக்கும் ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை ஒன்றிய அரசு 2022இல் அறிவித்தது. நடைமுறையில், வட்டார வள மையத்தில் இருக்கும் ஓரிரு சிறப்பாசிரியர்கள் பள்ளி பள்ளியாகச் சுற்றுகிறார்கள். அவர்களும் தொகுப்பூதியக்காரர்கள். ஒப்பந்தத்தில் பல ஆண்டுகளாக உழல்வோரை நிரந்தரப்படுத்த வழி காணுமாறும், பணியிடங்களை அறிவிக்குமாறும் 2025 மார்ச்சில் அதே வழக்கில் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

அவர்களின் ஊதியம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியிலிருந்து வருகிறது. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25க்குரிய சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கு நிறுத்தி வைத்தது. மாநிலம் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. தேசியக் கல்விக் கொள்கையையும் மும்மொழியையும் பற்றி அப்போது நிறையப் பேசினோம், பேசவேண்டியதே. அந்நிதியில் இயங்கும் பயிற்சி மையங்களையும், படுத்த படுக்கையாய் இருக்கும் குழந்தையின் வீட்டுக்கே சென்று கற்பிக்கும் ஆசிரியர்களையும் பற்றி எத்தனை தலையங்கங்கள் வந்தன? மொழிப் போரில் பேச்சே வராத பிள்ளைகள் கணக்கில் வரவில்லை. தண்டனை விதித்த ஒன்றிய அரசே முதல் குற்றவாளி. ஆனால் இந்த ஊதியத்தை மாநிலம் தன் சொந்த நிரந்தரச் செலவாக இத்தனை ஆண்டுகள் ஏற்காதது ஏன் என்ற கேள்வியும் நிற்கிறது.

இனி, யாரும் பேச விரும்பாத பகுதி. 2022 இறுதியில் ஈரோடு மாவட்டத்து ஒன்றியப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை, பட்டியல் சாதி மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்த வழக்கில் கைது செய்யப்பட்டார். அது வெளியே வந்ததெப்படி? டெங்கு காய்ச்சலில் விழுந்த ஒரு சிறுவன், தாய் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். அவன் சொன்னான் என்பதே அங்கு எல்லாம். சொல்ல முடியாத பிள்ளையாக இருந்திருந்தால்? பேச்சற்ற தலித் குழந்தைக்கு வகுப்பறையிலும் விடுதியிலும் என்ன நேர்கிறது என்பதை அறிய நம்மிடம் அதன் உடம்பைத் தவிர வேறு சாட்சியம் இல்லை. பள்ளிக்குக் கிளம்பும்போது திடீரென்று அலறத் தொடங்கும் பிள்ளையை ‘நோய் முற்றிவிட்டது’ என்பார்கள். அந்த அலறல் ஒரு புகார் மனுவாகவும் இருக்கலாம்.

சட்டம் படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கில் பொதுப்பார்வைக்குட்பட்ட இடத்தில் வேண்டுமென்றே அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92(ஏ) பிரிவை அதன் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஏறத்தாழ அதே சொற்கள். அதே ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரையிலான தண்டனை. தலித் இயக்கம் போராடிப் பெற்ற சட்ட வாசகத்தின் சாயல் மற்றொரு மக்கள் திரளுக்கும் பயன்பட்டிருக்கிறது. ஆனால் ‘காலனிப் பைத்தியம்’ என்று ஓர் ஆசிரியர் சொன்னால், காவல் நிலையம் எந்தப் பிரிவில் பதிவு செய்யும்? பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. பதிவு செய்தாலும் சமரசம் பேசும். அந்த ஒரு சொற்றொடரில் இரண்டு குற்றங்கள் ஒன்றாய் உருகிக் கிடக்கின்றன. சட்டமோ அவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டச் சொல்கிறது.

2021இல் பட்டான் ஜமால் வலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முடிச்சைத்தான் தொட்டது. பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண்ணொருவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான வழக்கு அது. சாதி, பாலினம், குறைபாடு ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாகப் பார்க்கக்கூடாது, அவை ஒன்றோடொன்று பின்னி ஒரு புதிய வகை ஒடுக்குமுறையை உருவாக்குகின்றன என்று தீர்ப்பு விரிவாக விளக்கியது. வன்புணர்வுக்கான தண்டனை உறுதியானது. எனினும், சாதியை ‘முன்னிட்டே’ குற்றம் நடந்தது என்று அரசுத் தரப்பு மெய்ப்பிக்கவில்லை என, அன்றைக்கிருந்த சட்ட வாசகத்தின்படி, வன்கொடுமைச் சட்டத்தின் கீழான தண்டனை நீக்கப்பட்டது. 2016 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், பாதிக்கப்பட்டவரின் சாதி குற்றவாளிக்குத் தெரிந்திருந்தாலே போதும் என அவ்வாசகத்தை மாற்றிவிட்டது. கோட்பாட்டில் வென்று வழக்கில் பாதி தோற்ற இத்தீர்ப்பை நம் சட்ட உதவித் தோழர்கள் முழுமையாகப் படிக்க வேண்டும்.

குற்றம் முழுவதையும் வெளியே சுமத்திவிட முடியாது. படிநிலைச் சமத்துவமின்மையில் ஒவ்வொருவருக்கும் கீழே ஒருவர் இருப்பார் என்றார் அம்பேத்கர். சேரிக்குள்ளும் ‘லூசு’ என்று அழைக்கப்படும் பிள்ளை ஒன்று இருக்கிறது. அதன் அம்மாவைத் திருமண வீட்டுக்கு அழைக்கத் தயங்குகிறோம். நம் மாநாட்டுப் பந்தல்களில், ஒலிபெருக்கியின் இரைச்சலைத் தாங்காத குழந்தையோடு வரும் பெண் தோழருக்கு இடமில்லை; அவர் அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை, நாமும் ஏனென்று கேட்பதில்லை. மறுபுறம், ஆட்டிசம் குறித்த பெற்றோர் சங்கங்கள் பல நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தால் உருவானவை. அவர்களின் உழைப்பு மதிக்கத்தக்கது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம்வரை அது போயிருக்கிறது. ஆனால் அவர்களின் கூட்டங்களில் உணவுமுறை, செயலி, வெளிநாட்டுப் பயிற்சி பற்றியெல்லாம் பேசப்படுகிறது, சாதி பேசப்படுவதில்லை. ‘ஆட்டிசத்துக்குச் சாதி கிடையாது’ என்று சொல்வோரும் அங்குண்டு. ஆட்டிசத்துக்கு இல்லைதான். ஆட்டிசக் குழந்தைக்கு உண்டு.

செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. 2024இல் தமிழ்நாடு சட்டப்பேரவை, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கான தனிச்சட்டத்தை நிறைவேற்றியது. துணைத்திட்ட நிதி வேறு பணிகளுக்குத் திருப்பப்படுவதை எதிர்த்து நெடுங்காலம் எழுப்பிய கோரிக்கையின் பயன் அது. அந்நிதியில் ஆதிதிராவிடர் குடியிருப்புகளிலேயே பகல்நேர மையமும் பேச்சுப் பயிற்சியும் கேட்கலாம். மாவட்டத் தலைநகருக்குத் தாய் போவதற்குப் பதில், பயிற்றுநர் தெருவுக்கு வரட்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் எத்தனை சிறப்பாசிரியர் பணியிடங்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்ட வாரியாகக் கேட்பது கல்லூரி மாணவர்கள் இந்த மாதமே செய்யக்கூடிய வேலை. கிறித்தவத்துக்கோ இஸ்லாமுக்கோ மாறிய தலித் குடும்பங்கள் 1950ஆம் ஆண்டு ஆணையால் இந்நிதிக்கும் வெளியே நிற்கின்றன என்பதையும் அப்போது மறந்துவிடலாகாது.

வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. சாதியும் குறைபாட்டின் வகையும் ஒரே அட்டவணையில் குறுக்காக வெளியிடப்பட வேண்டும், எட்டு வகைகளுக்குப் பதில் சட்டம் சொல்லும் இருபத்தொன்றும் கேட்கப்பட வேண்டும் என்ற குரல் நம் தரப்பிலிருந்து இன்னும் வலுவாக எழவில்லை. எண்ணுபவர் வாசலுக்கு வரும்போது, உள்ளறையில் இருக்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்லலாமா, அக்காவின் திருமணம் தடைபடுமா என்று தயங்கும் வீடுகள் ஏராளம். கணக்கெடுப்புக்கு முன்னரே அந்த வீடுகளுக்குப் போய்ப் பேசக்கூடியவர்கள் இயக்கத் தோழர்கள் மட்டுமே.

நான் பேசிய தாய்மார் எல்லோரும் கடைசியில் கேட்டது ஒரே கேள்வி: எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்? சொத்துள்ள குடும்பம் அறக்கட்டளை எழுதி வைக்கும். குத்தகை நிலமும் ஒதுக்கீட்டு வீடும் உள்ள குடும்பம் என்ன எழுதி வைக்கும்? தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு ஒன்று உண்டு. பதினெட்டு வயது கடந்த, தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாத பிள்ளைக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை அது நியமிக்கும். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. அதே சட்டத்தின் கீழ் ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் சாதிச் சான்றிதழுக்காக நம் மக்கள் ஆண்டுதோறும் நிற்கிற வரிசையிலிருந்து சில கதவுகள் தள்ளித்தான் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆவதற்கு முன்பே அங்கே ஒருமுறை போய், பாதுகாவலர் மனுவுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டு வாருங்கள். முடிந்தால் அந்தத் தாயோடு ஒருவர் கூடவே போங்கள், அன்றைக்கு அவருடைய கூலிக்கும் ஒரு வழி செய்துவிட்டு.